புள்ளிகள் குறைந்த பிறகு எழுந்து நின்ற கேப்டன்

ஐஸ் ஹாக்கியில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று பேச்சு வந்தாலே புள்ளிக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கோல் போட்டால் ஒரு புள்ளி, கோலுக்கு வழிசெய்து கொடுத்தால் ஒரு புள்ளி. அந்தக் கணக்கில் ஸ்டீவ் ஐசர்மனுக்குக் குறையொன்றும் இல்லை. 1988-89 சீசனில் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்காக 65 கோல், 90 அசிஸ்ட், ஆக 155 புள்ளிகள். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். வரலாற்றில் ஒரே சீசனில் அதைத் தாண்டியவர்கள் வெய்ன் கிரெட்ஸ்கியும் மாரியோ லெமியூவும் மட்டும்தான். ஆனால் என்னைக் கேட்டால், அந்த எண்ணிக்கை சரியத் தொடங்கிய பிறகு ஆடிய ஐசர்மன்தான் பெரிய ஆட்டக்காரர்.

இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1983 டிராஃப்டில் டெட்ராய்ட் ஆசைப்பட்டது அந்த வட்டாரத்தில் வளர்ந்த பாட் லாஃபான்டெய்னுக்கு. அவரை நியூயார்க் ஐலண்டர்ஸ் முந்திக்கொண்டு எடுத்துவிட்டது. நான்காவதாக வந்த டெட்ராய்ட்டுக்குக் கிடைத்தவர் ஐசர்மன். 1986இல், 21 வயதில், கேப்டன் ஆனார். நெஞ்சில் கேப்டனைக் குறிக்கும் ‘சி’ எழுத்து தைத்த அந்தச் சட்டையை 2006இல் ஓய்வு பெறும்வரை அவர் கழற்றவில்லை. ஒரே அணிக்கு இவ்வளவு காலம் கேப்டனாக இருந்தவர் அந்த லீக்கில் வேறு யாரும் இல்லை.

ஆனால் முதல் பத்து வருடம் கோப்பை இல்லை. 1993இல் ஸ்காட்டி போமன் பயிற்சியாளராக வந்தார். கோல் மட்டும் போட்டால் போதாது, பின்னால் வந்து தடுக்கவும் வேண்டும் என்றார். லீக்கின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரிடம் இதைச் சொல்வது சின்ன விஷயமில்லை. 1995இல் ஐசர்மனை ஒட்டாவாவுக்கு விற்கப் போகிறார்கள் என்ற பேச்சுகூடப் பலமாக அடிபட்டது. டெட்ராய்ட் ரசிகர்கள் கேப்டன் பக்கம்தான் நின்றார்கள். அவரோ முரண்டு பிடிக்கவில்லை. பயிற்சியாளர் கேட்டபடி தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார்.

இதைத் தியாகம் என்று சொல்லாதீர்கள், வயது ஏறிவிட்டது, கழுத்தில் அறுவை சிகிச்சை, தொண்ணூறுகளின் நடுவில் லீக் முழுக்கவே கோல்கள் குறைந்தன என்று சிலர் வாதிடுகிறார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. சரி, அப்படியென்றால் 2000இல் சிறந்த தடுப்பாட்டம் ஆடும் முன்கள வீரருக்கான செல்கி விருது எப்படி வந்தது? வயது ஏறினால் புள்ளி குறையும். செல்கி தானாக வராது. அதற்கு, ஒரு வீரர் இடைவிடாமல் பனியில் ஆடும் நாற்பது ஐம்பது விநாடி ஷிஃப்டின் கடைசியில், மூச்சு வாங்கும் நேரத்தில், எதிரியைத் துரத்திக்கொண்டு தன் கோல் பக்கம் திரும்ப வேண்டும்.

1997 இறுதித் தொடரில் ஃபிலடெல்ஃபியாவை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தி, டெட்ராய்ட் 42 வருடங்களுக்குப் பிறகு லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஆறே நாளில் ஒரு கார் விபத்து. தடுப்பாட்டக்காரர் விளாதிமிர் கான்ஸ்டான்டினோவும், அணியின் மசாஜ் நிபுணர் செர்கேய் மனாட்சகானோவும் தலையில் பலத்த காயமடைந்தார்கள். கான்ஸ்டான்டினோவால் அதன் பிறகு ஆடவே முடியவில்லை. அடுத்த சீசனில் மற்றவர்கள் ‘நம்பு’ என்ற சொல்லை ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் சட்டையில் தைத்துக்கொண்டு ஆடினார்கள். 1998இல் வாஷிங்டனில் மறுபடி கோப்பை. ஐஸ் ஹாக்கி வழக்கப்படி கோப்பை முதலில் கேப்டன் கைக்கு வரும். அவர் அடுத்து யாரிடம் கொடுக்கிறார் என்று அரங்கமே பார்க்கும். ஐசர்மன் நேராகப் போய், சக்கர நாற்காலியில் இருந்த கான்ஸ்டான்டினோவின் மடியில் வைத்தார். பிளேஆஃபின், அதாவது சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளின், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அந்த வருடம் அவருக்குத்தான். எனக்கு அந்த விருது இரண்டாம் பட்சம்.

அப்புறம் 2002. வலது முழங்கால் அநேகமாகப் போய்விட்டது. அந்த முழங்காலோடு சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஆடி, ஐம்பது வருடங்களுக்குப் பிறகு கனடா வென்ற தங்கத்தில் பங்கெடுத்தார். பிளேஆஃப் முதல் சுற்றில், நான்கு ஆட்டம் வென்றால் முன்னேறும் தொடரில், வான்கூவரிடம் சொந்த அரங்கத்திலேயே முதல் இரண்டு ஆட்டங்கள் போயின. அதிகம் பேசாத மனிதர், அன்று எழுந்து அணியிடம் பேசினார். அடுத்த நான்கையும் டெட்ராய்ட் வென்றது. ஐசர்மன் கீழே விழுந்தால் ஸ்டிக்கைப் பனியில் ஊன்றித்தான் எழுவார், காலில் வலு இல்லை. அந்தக் காலோடு 23 ஆட்டங்களில் 23 புள்ளிகள், மூன்றாவது கோப்பை. அந்தக் கோடையிலேயே காலெலும்பை வெட்டி நேராக்கும் அறுவை சிகிச்சை. இனி ஆடமாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். 2003 பிப்ரவரியில் திரும்பி வந்தார்.

யூடியூபில் தேடினால் 1996இல் செயின்ட் லூயிஸுக்கு எதிராக, ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது ஓவர்டைமில், கோலிலிருந்து வெகு தள்ளியிருக்கும் நீலக்கோட்டுக்கு அருகிலிருந்து அவர் அடித்த கோல்தான் முதலில் வரும். அருமையான கோல், பாருங்கள். பார்த்துவிட்டு 2002 பிளேஆஃபில் ஏதாவது ஓர் ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். பக், அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டு, யாரிடம் இருந்தாலும் பரவாயில்லை, கண்ணை ஐசர்மனின் 19ஆம் எண் மேலேயே வையுங்கள்.