கூகுளில் முதல் பக்கம் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் காசு கொடுக்க முதல்

அறிவியல் நகரில் பொறியியல் முடித்த பெடியள், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்த பிள்ளைகள் என்று, வன்னியிலேயே இருந்து மென்பொருள் செய்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். கடை பில், மருந்துக்கடை இருப்பு, அரிசி ஆலைக் கணக்கு, டியூட்டரிக் காசு அறவிடுவது என்று நல்லதாகத்தான் செய்கிறார்கள். விற்கிற கட்டத்தில்தான் பிசகுகிறது. யாரோ ஒருவர் வட்ஸ்அப்பில் வந்து "எஸ்.இ.ஓ. பக்கேஜ்" என்பார். கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவருகிற வேலைதான் எஸ்.இ.ஓ. ஒரு மாதத்தில் கூகுள் முதல் பக்கமாம், வேறு தளங்களிலிருந்து உங்கட தளத்துக்கு ஆயிரம் லிங்க்காம், உத்தரவாதமாம். இவர்களும் புது லப்டொப்புக்குச் சேர்த்து வைத்த காசைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உத்தரவாதம் என்ற சொல் காதில் விழுந்ததுமே எழும்பி வந்துவிடலாம். முதலிடத்துக்கு ஒருவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன்னுடைய வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. காசுக்கு வாங்கிக் குவித்த லிங்க்குகளால் மேலே வந்த தளங்களை 2012இல் கூகுள் தன் தேடல் வரிசையில் கொண்டுவந்த 'பென்குயின்' மாற்றம் கீழே தள்ளியது. இவ்வளவு வருசம் கழித்தும் அதே சரக்கு எங்கட ஊரில் விலைபோகிறது!

எஸ்.இ.ஓ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் காசில்லாமல் தொடங்குகிறவனுக்கு அதைவிட நல்ல வழிகள் குறைவு. விளம்பரம் மண்ணெண்ணெய் மெசின் போட்டுத் தண்ணி இறைக்கிற மாதிரி, எண்ணெய் முடிய நின்றுவிடும். தேடலில் ஒருக்கா இடம் பிடித்த பக்கம் நீங்கள் படுத்திருக்கிற நேரத்திலும் ஆள் கொண்டுவரும். என்னுடைய சண்டை எல்லாம் எந்தத் தேடலில் இடம் பிடிக்கப் போகிறோம் என்பதில்தான்.

எல்லோரும் ஓடுவது "பில்லிங் சொஃப்ட்வெயர் ஸ்ரீலங்கா" மாதிரியான பெரிய சொல்லுக்கு. அதில் கொழும்புக் கம்பனிகளும் இந்தியக் கம்பனிகளும் வருசக்கணக்காகக் குந்தியிருக்கின்றன. நேற்றுத் தொடங்கின தளம் அங்கே போய் என்ன செய்யும்? அதைவிடப் பெரிய விசயம், எங்கட வாடிக்கையாளர் அந்தச் சொல்லைத் தட்டுவதே இல்லை. பரந்தன் பக்கம் மில் வைத்திருக்கிற ஒரு ஐயா என்னிடம் கேட்டது இது: "தம்பி, ஈர நெல்லு வருது. கழிவு எவ்வளவு பிடிக்கிறதெண்டு ஒவ்வொருத்தனோடயும் சண்டை. இதுக்கு ஒரு கணக்கு இல்லையே?"

இருக்கிறது. உலர்ந்த நெல்லுக்கு 14 சதவீத ஈரப்பதன் என்பதுதான் கணக்கு. 18 சதவீத ஈரத்தில் 1000 கிலோ வந்தால் பலர் 4 சதவீத வித்தியாசம் என்று 40 கிலோவைக் கழிக்கிறார்கள். உண்மையில் அந்த நெல்லில் காய்ந்த பொருள் 820 கிலோ. 14 சதவீத ஈரத்தில் அது மொத்தத்தில் 86 சதவீதமாக நிற்க வேண்டும். 820ஐ 0.86ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 953 கிலோ. அதாவது கழிவு 40 இல்லை, 46 கிலோவுக்கும் கொஞ்சம் மேலே. ஆறு கிலோ ஒரு வண்டியில் சின்ன விசயம், ஒரு போகம் முழுக்க என்றால் சின்ன விசயம் இல்லை.

இந்தக் கணக்கைப் போடுகிற ஒரு பக்கத்தைத் தமிழில் செய்து போடுங்கள். நிறைக்கு ஒரு பெட்டி, ஈரத்துக்கு ஒரு பெட்டி, கீழே விடை. அதற்கும் கீழே, வண்டி வர வர இதைத் தானே போட்டுச் சிட்டை அடிக்கிற மென்பொருள் எங்களிடம் இருக்கிறது என்று இரண்டு வரி. ஆயிரம் லிங்க்கைவிட இந்த ஒரு பக்கத்தை நான் நம்புவேன். மில்காரரும் தேடுவார், அவரோடு சண்டை பிடிக்கிற கமக்காரரும் தேடுவார். 2024 ஜனவரியில் வற் வரி 15இலிருந்து 18 சதவீதமானபோது பில்லில் அதை எப்படி மாற்றுவது என்று கடைக்காரர்கள் கேட்டார்களே, அதுவும் ஒரு பக்கம்தான். வாடிக்கையாளர் போனில் கேட்கிற கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வந்தாலே போதும், அந்தக் கொப்பி கொழும்புக் கம்பனியிடம் இல்லை.

ஒன்று, பலன் கெதியா வராது. நாலு மாதத்திலிருந்து ஒரு வருசம் வரை பிடிக்கும் என்று கூகுள் ஆட்களே சொல்லியிருக்கிறார்கள். காலபோக அறுவடை மாசியில் சூடுபிடிக்கும் என்றால், பக்கம் ஐப்பசியில், விதைப்பு நேரத்திலேயே ஏறியிருக்க வேண்டும். நெல் வந்து குவிந்த பிறகு எழுதினால் அது அடுத்த போகத்துக்குத்தான்.

"அப்ப ஏ.ஐ.யிட்டக் குடுத்து ஆயிரம் பக்கம் அடிப்பம் அண்ணை" என்று ஒரு தம்பி சொன்னார். ஸேப்பியர் என்ற கம்பனி இரண்டிரண்டு செயலிகளை இணைக்கிறதுக்கு ஏராளமான பக்கங்கள் போட்டு வளர்ந்தது உண்மை. ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போனால் அந்த இணைப்பை அங்கேயே செய்யலாம். வெறும் வசனத்தை நிரப்பிப் பக்கம் பெருக்குவதைக் கூகுள் 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே ஸ்பாம், அதாவது குப்பை வகையில் சேர்த்துவிட்டது. போதாததற்கு, "வற் என்றால் என்ன" மாதிரியான கேள்விக்கு இப்போது தேடல் பக்கத்தின் உச்சியிலேயே ஏ.ஐ. விடை சொல்லிவிடுகிறது. வந்து ஏதாவது செய்துவிட்டுப் போகிற பக்கத்துக்குத்தான் இனி ஆள் வரும் என்பது என் எண்ணம்.

எந்தச் சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டுகிற கருவிகளில் தமிழ்ச் சொல்லைப் போட்டால் பெரும்பாலும் பூச்சியம் காட்டும். அதைப் பார்த்து மனம் விடவேண்டாம். குறைவாகத் தேடப்படுவது அதில் தெரியாது. உங்கட தளத்தைக் கூகுளின் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில் இணைத்துவிட்டுச் சில வாரம் பொறுங்கள், அது இலவசம். சனம் உண்மையில் எதைத் தட்டிவிட்டு உங்களிடம் வந்தது என்று அங்கே தெரியும். பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், "நெல்லு" என்கிறார்கள், எழுத்துப் பிழை விடுகிறார்கள். அந்தச் சொற்களைத் தலைப்பில் வையுங்கள், பண்டிதத் தமிழை அல்ல.

இன்னொரு வருத்தம், பாமினி என்ற பழைய எழுத்துரு. அச்சகத்தில் அடித்த விபரத்தை அப்படியே தளத்தில் ஒட்டுகிறார்கள். திரையில் தமிழாகத் தெரியும், கூகுளுக்கு அது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். யுனிகோடில் இல்லாத தமிழ் தேடலில் இல்லாத தமிழ். விலைப்பட்டியலைப் படமாகப் போடுவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். தளம் கட்டும்போது கூகுளை மறிக்கப் போட்ட 'நோஇன்டெக்ஸ்' வரியை எடுக்க மறந்துவிட்டு, ஆள் வரவில்லை என்று எஸ்.இ.ஓ. பக்கேஜ் வாங்கினவரையும் தெரியும்.

"எங்கட மில்காரர் கூகுளைப் பார்த்தா சாமான் வாங்கினம்?" என்று கேட்பீர்கள். சரிதான், முதல் வாடிக்கையாளர்களை மோட்டார் சைக்கிளில் போய்த்தான் பிடிக்க வேண்டும், அதற்கு மாற்றில்லை. ஆனால் மில்லுக்குக் காசு போடுகிற தம்பி கனடாவில் இருக்கிறார். அண்ணை உங்கட மென்பொருளின் பெயரைச் சொன்னதும் அவர் செய்கிற முதல் வேலை, அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பது. அந்த நேரம் நீங்கள் வரவில்லை என்றால் விற்பனை அங்கேயே முடிந்தது. பெயர் வைக்கிறபோதே இதை யோசிக்க வேண்டும். கிளிநொச்சியில் ஒருவர் தன்னுடைய மென்பொருளுக்கு 'கிளி' என்று பெயர் வைக்கப் போகிறாராம். தட்டிப் பாரும் தம்பி, பச்சைக்கிளிப் படமாக வரும், வேறை பெயர் பாரும் என்றேன். லோகோ கீறி முடிஞ்சுதாம்.