ரீயூனியன் நடத்தப் போகிற மக்களே, வராதவர்கள் பட்டியலை முதலில் எடுங்கள்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளையில் இருந்து ஆரல்வாய்மொழி வரை, பள்ளியில் ஒன்றாகப் படித்த எந்த செட் ரீயூனியன் பேச்சை எடுத்தாலும் முதல் வாரம் மூன்றே கேள்விதான் ஓடுகிறது. எந்த ரிசார்ட், தலைக்கு எவ்வளவு, டீ ஷர்ட் என்ன கலர். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்ததும் பாதி வகுப்பு சத்தமில்லாமல் கழன்றுவிடும். பிறகு "கூப்பிட்டோம், வரல்ல" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம்.

துபாயில் இருப்பவனும் பெங்களூரு ஐடிக்காரனும் எப்படியும் டிக்கெட் போட்டு வந்துவிடுவார்கள். அவர்களுக்காகத் திட்டம் போட ஒன்றுமே இல்லை. பத்தாம் வகுப்பில் தோற்றவன், எட்டாம் வகுப்போடு அண்டியாபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போனவள், கேரளாவில் கொத்து வேலைக்குப் போய் வருகிறவன், கணவன் இறந்த பிறகு எந்த விசேஷத்துக்கும் போகாதவள் இவர்கள் வந்தார்களா என்று பார்த்தால் போதும், ரீயூனியன் நல்லா நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். தேதி, பணம், சாப்பாடு, மைக் எல்லாவற்றையும் இவர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் பட்டியல். வாட்சப் குழுவில் இருக்கிறவர்களை எண்ணி "நம்ம செட் 64 பேர்" என்று சொல்லாதீர்கள். அது போன் நம்பர் கிடைத்தவர்களின் கணக்கு. பள்ளியில் சேர்க்கைப் பதிவேடும் பழைய வருகைப் பதிவேடும் இருக்கும். தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்து, அலுவலகத்திலேயே உட்கார்ந்து பெயரையும் இனிஷியலையும் மட்டும் எழுதி எடுங்கள். பக்கத்தை மொபைலில் படம் பிடிக்க வேண்டாம். அதில் சாதியும் அப்பாவின் தொழிலும் பிறந்த தேதியும் இருக்கும், அது குழுவுக்குள் வந்தால் முதல் சண்டை அங்கேயே தொடங்கும். பரீட்சை எழுதியவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்து இடையில் நின்றவர்களையும் சேருங்கள். விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். தமிழ் மீடியமும் மலையாள மீடியமும் சேர்ந்திருந்த விளவங்கோடு பக்கத்துப் பள்ளிகளில் மலையாளப் பிரிவை "அது வேற கிளாஸ்" என்று தள்ளிவிடுகிற வழக்கமும் இருக்கிறது. ஒரே கிரவுண்டில் விளையாடியவர்கள்தானே.

ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றாக இருக்கும். அதனால் பெயருக்குப் பக்கத்தில் எந்த விளை, எந்தக் கோடு என்று ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள். பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கல்யாணத்தோடு இனிஷியல் மாறும், ஊர் மாறும், பேஸ்புக்கில் பிள்ளையின் படம்தான் இருக்கும். பழைய வீட்டுக்கு ஒருவர் நேரில் போய் தம்பியிடமோ அண்ணியிடமோ கேட்டால் அரைமணி நேரத்தில் முடிகிற வேலை. போவது பெண் தோழியாக இருந்தால் நம்பர் கிடைக்கும். ஆண் போனால் "நீங்க யாரு, எதுக்கு" என்பதற்கே பதில் சொல்லி மாளாது. சர்ச் ஆபீசிலும் ஊர்க் கமிட்டியிலும் கேட்கலாம். ஆகவே ஐந்தாறு பேர் கொண்ட ஏற்பாட்டுக் குழுவில் இரண்டு பெண்களும், ஊரிலேயே இருந்து பைக்கில் சுற்றக்கூடிய ஒருவரும், பரீட்சையில் தோற்ற ஒருவரும் கண்டிப்பாக வேண்டும். கடைசி ஆள் எதற்கு என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் போட்ட திட்டத்தில் எது குத்தும் என்று சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அழைப்பை பார்வர்ட் செய்தால் யாரும் வரமாட்டார்கள். ஆளுக்குப் பத்துப் பேர் என்று பிரித்து போன் போடுங்கள், அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரே போட வேண்டும். முதல் போனில் பணப் பேச்சு கூடாது. "பாக்கலாம்லே" என்று பதில் வந்தால் வரமாட்டான் என்று அர்த்தம். "காலையில நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னால் அந்தப் பதில் பெரும்பாலும் மாறும். வாட்சப் குழுவையும் இரண்டாக வையுங்கள். ஒன்றில் அட்மின் மட்டும் தேதி, இடம், கணக்கு போட வேண்டும். அரட்டை இன்னொன்றில் நடக்கட்டும். கட்சியும் மதமும் இரண்டிலும் கூடாது. நம்ம ஊரில் ஒரு தேர்தல் வீடியோ போதும், பத்துப் பேர் லெப்ட் ஆக.

தேதிதான் நம்ம மாவட்டத்தில் பெரிய தலைவலி. வளைகுடாக்காரர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு, ஆனால் ஜூனில் தொடங்குகிற தென்மேற்குப் பருவமழை அப்போதும் விட்டிருக்காது. அக்டோபர் வந்தால் வடகிழக்கு. தமிழ்நாட்டில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு மீன்பிடித் தடைக்காலமும் உள்ள மாவட்டம் நம்முடையது. விசைப்படகுகளுக்குச் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தூத்தூர் வட்டாரத்துப் பையன்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். அவர்கள் நிச்சயம் ஊரில் இருப்பது தடைக்காலத்திலும் கிறிஸ்துமசுக்கும்தான். மே மாதம் கல்யாண சீசன், மண்டபமும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. ஞாயிறு காலை என்றால் ஆராதனையும் பூசையும் முடிந்து பத்து மணிக்கு மேல்தான் பாதிப்பேர் வெளியே வருவார்கள்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் இரண்டு இடம் மிஞ்சும். ஒன்று டிசம்பர் 27, 28 வாக்கில், இன்னொன்று ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை. கடலோரப் பள்ளி என்றால் இரண்டாவதற்கு என் ஓட்டு. மழை பெய்தால் பெய்யட்டும், வகுப்பறைக்குள் உட்கார்ந்துகொள்ளலாம். டிசம்பரில் விமானக் கட்டணம் ஏறிக் கிடக்கும், சென்னை ரயிலில் இடமும் இருக்காது. 2024 நவம்பரில் இருந்து ரயில் முன்பதிவு 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது, அதனால் அறுபதாம் நாள் காலை எட்டு மணியைக் குழுவில் முன்கூட்டியே நினைவுபடுத்துங்கள். தேதியை அறிவிப்பது மட்டும் ஐந்து மாதத்துக்கு முன்பே நடக்க வேண்டும், லீவு எழுதிக் கேட்கிறவர்களுக்கு அவ்வளவு அவகாசம் தேவை.

தொடங்கும் நேரமும் முக்கியம். அருமனை, குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே மரத்தடிக்குப் போய், பால் எடுத்து, உறை ஊற்றி வீட்டுக்கு வந்து குளிக்கப் பத்து மணி ஆகிவிடும். எட்டரைக்குக் குத்துவிளக்கு என்று போட்டால் அவர்களை வரவேண்டாம் என்று சொன்ன மாதிரி. பத்தரைக்குத் தொடங்குங்கள். மலையோரத்துக்குப் பஸ் பிடிக்கிறவர்களும் பிள்ளைகளைக் கூப்பிடப் போகிற பெண்களும் பிற்பகல் மூன்றரைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆக கையில் இருப்பது ஐந்து மணி நேரம்.

பணத்தில் என் கருத்து கறாரானது. எல்லோருக்கும் ஒரே தொகை, அதுவும் சின்னத் தொகை. நூறு பேர் கூடி, செலவு ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 1,500 வரும். அதை 300 என்று அறிவித்துவிட்டு மீதி 1,20,000 ரூபாயை, முடிந்த பத்துப் பதினைந்து பேரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். "பணம் கட்டியவர்கள் பட்டியல்" என்று தினமும் அப்டேட் போடுகிற பழக்கத்தை ஒழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தன் பெயர் இல்லாததைப் பார்க்கிறவன் வரவும் மாட்டான், காரணத்தைச் சொல்லவும் மாட்டான். டீ ஷர்ட்டே வேண்டாம். அளவு தப்பும், சாயம் போகும், பாதிப் பெண்கள் போடமாட்டார்கள். அந்தக் காசில் இரண்டு வேன் பேசினால் கருங்கல் பக்கமும் பேச்சிப்பாறை பக்கமும் இருப்பவர்கள் வந்து சேர்வார்கள்.

இடம் பள்ளிக்கூடம்தான். உதவிபெறும் பள்ளி என்றால் தாளாளருக்கும் ஒரு கடிதம் வேண்டும். முந்தின நாளே போய்க் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மேல்நாட்டுக் கழிப்பறை ஒன்றாவது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரிசார்ட் என்றால் பாட்டில் வரும், பாட்டில் வந்தால் பெண்கள் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். காருக்குள் தனியாக நடக்கிற "செஷனும்" அப்படித்தான், யாருக்கும் தெரியாது என்று நினைப்பது குடிக்கிறவன் மட்டும்தான்.

ஆசிரியர்களை அழைப்பதில் நாம் செய்கிற கொடுமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எண்பது வயது டீச்சரை ஒன்பதரைக்கே கூட்டிவந்து, கை வைக்காத பிளாஸ்டிக் நாற்காலியில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்து, ஒன்றரை மணி வரை பேச்சு கேட்கவைத்து, ஆறு பொன்னாடை போர்த்துகிறோம். சர்க்கரை நோய்க்கு ஊசி போடுகிறவர் பன்னிரண்டே முக்காலுக்குச் சாப்பிட வேண்டும். எத்தனை மணிக்குச் சாப்பிடுவார், என்ன மாத்திரை, யார் துணைக்கு வருவார்கள் என்று அழைக்கப் போகும்போதே வீட்டாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிப் போனால் போதும். ஒவ்வொரு சாருக்கும் டீச்சருக்கும் காரோடு ஒரு ஆள் பொறுப்பு, கூட்டிவருவதும் கொண்டுவிடுவதும் அவரே. பதினொன்றரைக்கு வரட்டும், கை வைத்த நாற்காலி கொடுங்கள், முதல் பந்தியில் சாப்பிடட்டும், இரண்டு மணிக்கு வீட்டில் இருக்கட்டும். பொன்னாடைக்குப் பதில் நல்ல கைத்தறி வேட்டி, நேரியல் (தோள் துண்டு), சேலை ஏதாவது ஒன்று கொடுத்தால் உடுத்துவார்கள். மேடையில் மூன்று ஆசிரியர் பேசினால் போதும். மற்றவர்களோடு மாணவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசட்டும். எம்எல்ஏவையும் தொழிலதிபரையும் தயவு செய்து கூப்பிடாதீர்கள்.

நூறு பேர் மைக்கில் தன்னை அறிமுகம் செய்தால் ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் நூறு நிமிடம். ஒரு நிமிடத்தில் நிறுத்துகிற ஆள் யாரும் கிடையாது, மூன்று நிமிடம் என்றால் ஐந்து மணி நேரமும் அதற்கே போய்விடும். நேரம் போவதைவிட மோசமானது, "நான் இப்போ மேனேஜரா இருக்கேன்" என்று வரிசையாக வரும்போது, அடுத்து நிற்கும் பால் வெட்டுகிறவனுக்கு மைக் கையில் கனப்பது. அறிமுகத்தை ஏ, பி, சி பிரிவுவாரியாக அவரவர் வகுப்பறையில் பெஞ்சைச் சுற்றிப் போட்டு நடத்துங்கள். வேலையைக் கேட்காதீர்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்று கேளுங்கள். நெஞ்சில் குத்துகிற அட்டையில் பதிவேட்டில் இருந்த பெயர், பழைய இனிஷியல், ஊர், பிரிவு மட்டும் போதும். பெயர் எழுத்து ஒரு அங்குல உயரம் இருக்க வேண்டும், எல்லோருக்கும் வெள்ளெழுத்து வந்தாச்சு. பட்டப்பெயரையும் பழைய காதல் கதையையும் மைக்கில் எடுப்பவனிடம் இருந்து மைக்கை வாங்கிவிட ஒரு ஆளை முன்கூட்டியே நியமியுங்கள். அந்தக் காலத்துப் பட்டப்பெயரில் பாதி சாதியையும் நிறத்தையும் குத்தியது.

குரூப் போட்டோவைக் கடைசிக்கு வைத்தால் கால்வாசிப் பேர் போயிருப்பார்கள். ஆசிரியர்கள் வந்ததும் பதினொன்றே முக்காலுக்கு எடுத்துவிடுங்கள். உச்சி வெயிலில் கண்ணெல்லாம் நிழலாக விழும், அதனால் கட்டட நிழலில் நாலு வரிசை. முன்னால் நாற்காலி, பின்னால் நிற்பவர்கள், அதற்குப் பின் பெஞ்ச், அதற்கும் பின் டெஸ்க். பெண்களின் படத்தைக் கேட்காமல் பொதுவில் போடக் கூடாது.

சாப்பாடு சத்யாதான், வாழையிலையில் சைவ விருந்து. பிரியாணி சாப்பிடாதவர் இருப்பார், அவியலும் பருப்பும் சாப்பிடாதவர் நம்ம ஊரில் இல்லை. வருவேன் என்று உறுதி சொன்னவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்குச் சொல்லுங்கள், ஐந்து இலை கூடுதலாக. பத்துப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, சம்பாவும் வெள்ளையும் இரண்டும் வேண்டும். பாயசம் ஆளுக்கு 150 மில்லி வைத்தால் நூறு பேருக்குப் பதினைந்து லிட்டர். அடைப்பிரதமன் என்றால் தேங்காய்த் தலைப்பாலை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். கொதித்தால் திரியும், சாயங்காலம் வரைக்கும் தாங்காது. பந்தியில் பாயசம் இறங்கியதும் எழுந்துவிடுகிற வெளியூர் மருமகன் யாராவது இருந்தால் பிடித்து உட்காரவையுங்கள், ரசமும் மோரும் பாக்கி. ஒரு பந்திக்கு நாற்பது நிமிடம், ஐம்பது இலை, இரண்டு பந்தி. மூன்று மணிக்குக் கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத டீ) ரசவடையும் போதும்.

இறந்துபோனவர்களின் பட்டியலை இரண்டு பேர் தனித்தனியாக உறுதி செய்யாமல் பேனரில் போடாதீர்கள். ஒரே பெயர், ஒரே இனிஷியல் குழப்பம் இங்கே வந்தால், உயிரோடு இருக்கிறவனின் படத்துக்கு மாலை விழும். வீட்டாரிடம் கேட்டுவிட்டு, விரும்பினால் அவர்களையும் அழையுங்கள்.

பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைத்தால் தலைமையாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். அரசுப் பள்ளி என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகவும் கொடுக்கலாம். ஆர்ஓ குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்து, பெயர் பொறித்த பலகை மாட்டுவது ஒரு பேஷனாகிவிட்டது. பில்டர் மாற்ற வருடா வருடம் யார் காசு கொடுப்பது என்று பேசாததால், அடுத்த செட் வரும்போது பலகை மட்டும் சுத்தமாக இருக்கும். இயந்திரத்தோடு மூன்று வருட சர்வீசுக்கும் பணம் கட்டிவிட்டு வாருங்கள். ஒரு வாரத்துக்குள் பில்லோடு கணக்கைக் குழுவில் போடுங்கள், தனித்தனிப் பெயர் இல்லாமல் மொத்த வரவு, மொத்த செலவு மட்டும். மிச்சம் இருக்கிற பணத்தை அடுத்த தடவைக்கு வேன் வாடகை என்று ஒதுக்கி வையுங்கள். இந்தத் தடவை வராதவர்களுக்குக் குரூப் போட்டோவின் ஒரு பிரிண்டை வீட்டில் கொண்டு கொடுக்கும் பெட்ரோல் செலவும் அதிலேயே அடங்கும்.