தடை நிரல்களில் இல்லை, டிரைவரில்

ஆப்பிள் 2020-இல் இன்டெல் சிப்பை விட்டு ஆர்ம் வகைச் சிப்புக்கு மாறியதைக் காட்டி, விண்டோஸ் கணினிகளும் அப்படியே மாறிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஆப்பிளில் சிப்பும் இயங்குதளமும் ஒரே கையில். எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் சிப்) நிரல்கள் எதிர்பார்க்கும் நினைவக வரிசைமுறையை, அதாவது நினைவகத்தில் எழுதுவதும் படிப்பதும் நடக்கும் ஒழுங்கை, தங்கள் ஆர்ம் சிப்பான எம்1-இலேயே வைத்துவிட்டார்கள். பழைய நிரல்களை ஆர்முக்கு மொழிபெயர்க்கும் ஆப்பிளின் ரொசெட்டா வேகமாக ஓடியதற்கு அது முக்கியக் காரணம். விண்டோஸிலும் மொழிபெயர்ப்பு இப்போது மோசமில்லை. ஆனால் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் டிரைவரை (சாதனங்களை இயக்கும் மென்பொருள்) அந்த மொழிபெயர்ப்பு தொடாது. பழைய ஸ்கேனர், சில விபிஎன்கள், விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்பு எல்லாம் படுப்பது இங்கேதான். தயாரிப்பாளர் ஆர்ம்64 (64-பிட் ஆர்ம்) டிரைவர் தராமல், விண்டோஸிலேயே உள்ள பொது டிரைவரும் பொருந்தாவிட்டால் வேறு வழியே கிடையாது. ஆர்ம் விண்டோஸ் கணினி வாங்குமுன் சாதாரணச் செயலிகளை விட்டுவிட்டு, யூஎஸ்பியில் செருகும் பொருட்களையும் இப்படி டிரைவர் தேவைப்படும் மென்பொருட்களையும் பட்டியலிடுங்கள். வாங்கியபின், டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் ஆர்க்கிடெக்சர் நெடுவரிசையைச் சேர்த்தால் எது நேரடியாக ஓடுகிறது, எது மொழிபெயர்ப்பில் ஓடுகிறது என்று தெரியும்.