உதவிக்கு வந்த வீட்டுக்காரர்

பழைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. மாட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே அதில் நகலெடுத்து (குளோன் செய்து), அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைச் செருகினால் முடிந்தது. என் வீட்டுக்காரர் உதவிக்கு வராமல் இருந்தால்!

"நீ டார்ச் பிடி, நான் பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் என்னுடையது. கேபினெட்டைத் திறந்ததும் ஃபேன் இடுக்கில் அப்பியிருந்த தூசியைப் பார்த்துவிட்டு, நான் வீடு பெருக்கும் லட்சணத்தைப் பற்றி ஒரு சின்னப் பிரசங்கம். அப்புறம், "தள்ளுபடியில கிடைச்சுது" என்று பெருமையாக ஒரு ராம் மெமரியை எடுத்து நீட்டினார். அது டிடிஆர் 4 வகை. என் மதர்போர்டுக்கோ பழைய டிடிஆர் 3 வகைதான் பொருந்தும். இரண்டிலும் அடியில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடம், உள்ளே போகவே போகாது. "கொஞ்சம் அழுத்தினா போயிடும்" என்கிறார் மனுஷன்! கையைத் தட்டிவிட்டேன்.

இதில் இருக்கும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. 11-க்குப் போகலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இந்தக் கிழட்டு போர்டில் அது கிடையாது. சரி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு, புதுசே வாங்கிடலாம்."

பிறகு எதற்கு அத்தனை ஸ்க்ரூவையும் கழற்றினாராம்? அதில் ஒன்று சோஃபாவுக்கு அடியில் உருண்டது, இன்னும் அகப்படவில்லை. ஒரு ஸ்க்ரூ இல்லாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாதாம்.

இப்போது போனில் மாமியாரிடம், "கம்ப்யூட்டரை நான்தான்மா சரி பண்ணிட்டிருக்கேன்" என்று அளந்துகொண்டிருக்கிறார்.