சூடு அல்ல, காற்றோட்டம்தான் முக்கியம்
‘எவ்வளவு சூடோ அவ்வளவு நல்லது, ஈரமான ஸ்கீ பூட்ஸை (பனிச்சறுக்குக் காலணி) உலர்த்த ஹேர் டிரையரே போதும்’ என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஈரத்தை வெளியேற்றுவது உள்ளே ஓடும் காற்றுதான். பல பூட்ஸின் உள்ளுறை சூட்டில் இளகும் நுரை. கடையில் அதைச் சூடாக்கித்தான் காலுக்கேற்ப வடிவமைக்கிறார்கள். அளவு மீறிய சூட்டில் அந்த வடிவம் கெடும், ஒட்டுப்பசை விடும். ஈரமான தோல் கையுறையும் அந்தச் சூட்டில் விறைத்து வெடிப்பு விடும். சுமார் 40 டிகிரி இளஞ்சூட்டுக் காற்றை ஊதும் விசிறி வகை பூட் டிரையரை (பூட்ஸ் உலர்த்தும் கருவி) வாங்குங்கள். விசிறியில்லாத சிறிய வகை பயணப்பெட்டியில் இடம் அடைக்காது, ஆனால் ராத்திரி முழுக்க பூட்ஸுக்குள் வைக்கவேண்டும். அப்புறம், அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் டிரையரை ஆல்ப்ஸ் விடுதியின் 230 வோல்ட்டில் செருகிவிடாதீர்கள்; சாதாரண பிளக் அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைக்காது.