'மடங்கு' என்று வந்தாலே பெருக்கக் கூடாது

"'மடங்கு' என்று வந்தால் பெருக்கு, 'ஒரு கிலோ என்ன விலை' என்று கேட்டால் வகு" என்று வாக்கியக் கணக்குகளுக்குச் சிலர் சொல்லும் குறுக்குவழியைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குக் கற்றுத்தராதீர்கள். எளிய கணக்கிலேயே அது காலை வாரிவிடும்.

அண்ணனிடம் இருப்பது தம்பியிடம் இருப்பதைப் போல 3 மடங்கு. அண்ணனிடம் 240 ரூபாய். தம்பியிடம் எவ்வளவு? 'மடங்கு' என்றதும் பெருக்கினால் 720 வரும். அண்ணனைவிடத் தம்பியிடம் அதிகம் என்றாகிவிடும். தெரியாதது தம்பியின் பணம். அதை 'த' என்று வைத்தால் 3 × த = 240. இருபக்கமும் 3ஆல் வகுக்க, த = 80.

இரண்டாவது விதியும் இப்படித்தான். கால் கிலோ பூண்டு 60 ரூபாய், ஒரு கிலோ என்ன விலை? விதியை நம்பி 60ஐ 4ஆல் வகுக்கும் பிள்ளை 15 என்று எழுதும். ஒரு கிலோ எப்படிக் கால் கிலோவைவிட மலிவாக இருக்கும்? ஒரு கிலோவின் விலையை 'வ' என்று வைத்தால் சமன்பாடு ¼ × வ = 60; இருபக்கமும் 4ஆல் பெருக்க, வ = 240.

"எண் மறுபக்கம் போனால் குறி மாறும்" என்றும் சிலர் சொல்வதுண்டு. அது கூட்டல், கழித்தலுக்கான சுருக்கம். அதையே 3 × த = 240 என்பதில் போட்டுத்தான் பிள்ளைகள் 240 − 3 = 237 என்றோ, −80 என்றோ எழுதுகிறார்கள். 3 இடம் மாறவில்லை. இருபக்கமும் ஒரே எண்ணால் வகுக்கிறோம், அவ்வளவுதான்.

விடை வந்ததும் அதைச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால் போதாது, சமன்பாடே தவறாக இருக்கலாம். கேள்வியின் வாக்கியத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்: 80இன் 3 மடங்கு 240.