கடாரத்துச் செவுத்துல ராஜுலா கப்பலுக்கும் இடம் வேணும்

கடாரம்னு அப்ப சொன்ன மலேசியாவோட கெடால, பீடோங் ஊர்ல நம்ம பிள்ளைங்க சேர்ந்து டேவான் மண்டபச் செவுத்துல கடல் மியூரல் வரையிறாங்க, பாதி முடிஞ்சிருச்சு, போய்ப் பாருங்க, அவ்ளோ அழகு. பின்னாடி ஜெராய் மலை, கீழ அலை, அலை மேல புலிக்கொடியோட ராஜேந்திர சோழன் கப்பல், உச்சில "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி"ன்னு மெய்க்கீர்த்தி வரி. ஜெராய வரைஞ்சதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, ஏன்னா அந்தக் காலத்துல வங்கக்கடல் தாண்டி வந்த மாலுமிங்களுக்குக் கரை எங்கன்னு தூரத்துலேயே காட்டிக்குடுத்தது 1,217 மீட்டர் உசரத்துல நிக்கிற இந்த மலைதான்.

மிச்சப் பாதில என்ன போடலாம்னு இப்ப பேச்சு ஓடுது. இன்னும் ரெண்டு போர்க்கப்பல், யானைங்கன்னு சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. 1025ல சோழன் படை வந்துச்சு, கடாரத்து ராஜாவப் புடிச்சுச்சு, பொருளை அள்ளிச்சு, போயிருச்சு. ஒரு கப்பல் போதும். பக்கத்துல ராஜுலாவ வரையுங்க.

சின்னப் பசங்களுக்குத் தெரியாது, அதான் சொல்றேன். ராஜுலா 1926ல கட்டின கப்பல், 1970கள் வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர்னு ஓடிச்சு, ஆரம்பத்துல 5,000 பேருக்கு மேல ஏத்த அனுமதி இருந்துச்சு, அதுல முக்கால்வாசிக்கு மேல டெக்கு டிக்கெட்டு, ரூம் கிடையாது, பாய விரிச்சுப் படுத்துக்கணும், டிரங்குப் பெட்டிதான் தலைமாட்டுல. பினாங்குல எறங்கின எத்தனையோ பேர ஜெரஜாக் தீவுல குவாரண்டைன் வச்சுட்டுதான் தோட்டத்துக்கு விட்டாங்க. எங்க தாத்தா பாட்டியும் டெக்குல வந்தவங்கதான்.

"கூலியா வந்தத செவுத்துல போட்டு என்னங்க பெருமை"ன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. பெருமைதாண்ணே! காட்ட வெட்டி, பால்மரம், அதான் ரப்பர் மரம், நட்டு, தோட்டத்து லயத்து வீட்டுல குடும்பம் நடத்தி, அந்தக் கொஞ்சூண்டு சம்பளத்துலயும் காசு சேத்துக் கோயில் கட்டி, தமிழ்ப்பள்ளிக்கு ஆள் சேத்தது அவங்கதானே? நம்ம பிள்ளைங்க ராஜாவ மட்டும் பாத்து வளந்தா சொந்தப் பாட்டியப் பத்திப் பேசவே கூச்சப்படுவாங்க, அத என்னால ஏத்துக்க முடியல.

சாமி வேணும்னா மணிமேகலா தெய்வத்த வரையுங்க. கப்பல் ஒடஞ்சு தத்தளிக்கிற நல்லவங்களக் காப்பாத்துற கடல் தெய்வம், கோவலனோட முன்னோரக் காப்பாத்தினதா நம்ம காப்பியத்துல வருது, சுவர்ணபூமிக்குக் கப்பலேறின மகாஜனகனத் தூக்கி விட்டதா புத்த ஜாதகக் கதைலயும் வருது, தாய்லாந்து, கம்போடியால மின்னல் அடிச்சா அது மேகலாவோட (நம்ம மணிமேகலாதான்) மணின்னு இன்னிக்கும் கதை சொல்றாங்க. நம்மாளுங்க தாண்டி வந்த அதே கடலோட சாமி, ராஜுலாவுக்கு மேல வைக்க வேற யாரு பொருத்தம்? கெடாவோட முதல் ராஜான்னு கதைல வர மெரோங் மகாவங்சாவோட கப்பலக் கருடன் தாக்குற கெடா கதையையும் ஒரு ஓரத்துல சேத்துக்கங்க, மலாய்க்காரப் பிள்ளைங்களும் பிரஷ் புடிக்க வருவாங்க.

பழைய பாஸ்போர்ட்டு, கப்பல் டிக்கெட்டு, போட்டோ எது இருந்தாலும் காப்பி எடுத்துப் பிள்ளைங்ககிட்ட குடுங்க, டெக்குல இருக்கற மூஞ்சிங்கள அதப் பாத்துதான் வரையணும், காலண்டர் படம் மாதிரி செவப்பா வேணாம், நம்ம நெறத்துலயே இருக்கட்டும். பெயிண்டுக்குக் காசு பத்தலைன்னா கேளுங்க, நான் தரேன். மழைக்கு முன்னாடி சீலர் அடிச்சிரணும், அத மட்டும் தள்ளிப் போடாதீங்க.